லைம் நோயோடு மட்டக்களப்புக்கு வந்தவர்களுக்கு: ஈரச் சுவர், பூஞ்சணம், சாப்பாடு – எதிலிருந்து தொடங்குவது

எங்கள் அக்கா சுவிசில் 16 வருடம் இருந்துவிட்டு 2021 கடைசியில் கல்லடிக்குத் திரும்பி வந்தார். கையில் இரண்டு சூட்கேஸ், ஒரு பைல் நிறைய ஜெர்மன் மொழி அறிக்கைகள். உடம்பில் லைம் நோய் விட்டுப்போன களைப்பும் மூட்டு வலியும். வந்த நேரம் மாரி. முதல் பத்து நாள் நன்றாகத்தான் இருந்தார். பிறகு இருமல் தொடங்கியது, தலை பாரித்தது, கதைத்துக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்தது. வருத்தம் திரும்பிவிட்டது என்று வீடே பயந்தது. ஒரு நாள் அவர் அறையைக் கூட்டப்போய் அலுமாரியை இழுத்தேன். பின்பக்கச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குக் கறுப்புப் புள்ளி பூத்திருந்தது. அலுமாரிக்குள் இருந்த அவருடைய குளிர்கால ஜக்கெற்றில் பச்சைப் படலம்.

அன்றிலிருந்து நாங்கள் ஒவ்வொன்றாகக் கற்றதை இங்கே எழுதுகிறேன். சுவிஸ், ஜெர்மனி, கனடா, இங்கிலாந்து என்று போய் இந்த வருத்தத்தோடு ஊருக்கு வருபவர்களுக்கும், அவர்களை வைத்துப் பார்க்கும் வீட்டாருக்கும் இது. நான் டொக்டர் இல்லை. மருந்தும் அளவும் டொக்டரின் வேலை. வீடு, குசினி, நாளாந்த ஒழுங்கு ஆகியவை நம்முடைய வேலை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லைம் ஒரு பிரச்சினை, பூஞ்சணம் இன்னொன்று, ஒத்துக்கொள்ளாத சாப்பாடு மூன்றாவது. மூன்றையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டால் எந்த நுனியை இழுப்பது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், பொறுத்திருந்து பாருங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

நோயின் பெயரைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்

லைம் என்றதும் நம் ஊரில் பலர் தேசிக்காயோடு தொடர்புள்ள ஏதோ என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. 1970களில் அங்கே பல பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் வந்ததை ஆராயப்போய்த்தான் இந்த நோய் தனியாக அடையாளம் காணப்பட்டது. கிருமியின் பெயர் பொரேலியா. 1980களின் தொடக்கத்தில் வில்லி பர்க்டோர்பர் என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். குளிர் நாடுகளின் காடுகளிலும் புல்வெளிகளிலும் இருக்கும் ஒருவகை உண்ணி கடித்து, பெரும்பாலும் ஒரு நாளோ அதற்கு மேலோ தோலில் ஒட்டியிருந்தால்தான் இது பரவுகிறது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. பக்கத்தில் இருந்து சாப்பிடலாம், பிள்ளையைத் தூக்கலாம். வந்த முதல் கிழமையே இதைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அக்காவுக்குத் தனிக் கோப்பை வைத்த ஒரு வீட்டுக்கு அவர் பிறகு போகவே இல்லை.

பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று கிழமை அன்டிபயோட்டிக்கோடு சுகமாகிறது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்கில் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு மருந்து முடிந்த பிறகும் களைப்பு, உடல்வலி, யோசிப்பதில் மந்தம் என்பவை மாதக்கணக்கில் இருக்கும். இதைத்தான் டொக்டர்மார் சிகிச்சைக்குப் பிந்திய லைம் நிலை என்கிறார்கள். 'நாட்பட்ட லைம்' என்ற பெயரைப் பல டொக்டர்மார் ஏற்பதில்லை. ஏற்காததால் உங்கள் வலி பொய் என்று ஆகாது. ஆனால் கிளினிக்கில் உட்கார்ந்து 'எனக்கு நாட்பட்ட லைம்' என்று தொடங்கினால் கதை பெயரைப் பற்றிய வாக்குவாதமாகப் போய்விடும். 'இந்தத் திகதியில் லைம் என்று கண்டுபிடித்தார்கள், இந்த மருந்து இத்தனை நாள் எடுத்தேன், இப்போது இந்த மூன்றும் தொடர்கின்றன' என்று சொல்லுங்கள். அக்கா அப்படிச் சொல்லப் பழகிய பிறகு, எதிரே இருப்பவர் பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.

காகிதங்கள்

விமானம் ஏறுமுன் செய்ய வேண்டியது இது. வெளிநாட்டு டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். எப்போது கடித்தது அல்லது தோலில் சிவப்பு வட்டம் வந்தது, எந்த இரத்தப் பரிசோதனை, அதன் முடிவு, மருந்தின் பெயர், அளவு, நாள், ஒவ்வாமை ஏதும் உண்டா. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் உள்ள 60 பக்கத்தை இங்கே யாரும் வாசிக்கப் போவதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

வந்த பிறகு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, கல்முனைப் பக்கம் என்றால் அங்குள்ள ஆதார வைத்தியசாலையோ, பொது வைத்திய நிபுணரின் கிளினிக்கில் பதிந்து ஒரு கிளினிக் கொப்பி எடுங்கள். தனியாரில் சனல் பண்ணிப் பார்ப்பதும் சரிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளைப் பார்த்தால் உங்கள் கதை ஒரு இடத்திலும் சேராது. ஒரே டொக்டர், ஒரே கொப்பி.

லைமுக்கு மறுபடி இரத்தம் சோதித்துக் 'கிருமி போய்விட்டதா' என்று பார்க்க அலைய வேண்டாம். அந்தப் பரிசோதனை பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு செய்த பிறபொருளெதிரியை. சுகமான பிறகும் அது வருடக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும். அதைவிடப் பயனுள்ளவை தைரொயிட், இரும்புச்சத்து, பி12, விற்றமின் டி, சீனி. அக்காவுக்குத் தைரொயிட் குறைவாக இருந்தது. அவருடைய களைப்பில் ஒரு பங்கு அதனால்தான். லைம் என்ற பெயருக்குப் பின்னால் அது இரண்டு வருடம் மறைந்து கிடந்தது.

இங்கே வரும் காய்ச்சல் வேறு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். நம் நாட்டில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்வது லைம் அல்ல. அது வேறு கிருமி, வேறு சிற்றுயிர். கடித்த இடத்தில் சில வேளை சிகரெட் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு இருக்கும். மாட்டுப்பட்டியில், நாயில் இருக்கும் உண்ணியைக் கண்டு 'மறுபடியும் லைம்' என்று நடுங்க வேண்டியதில்லை. ஆனால் புதிதாகக் காய்ச்சல் வந்தால் 'இது என்னுடைய பழைய வருத்தம்தான்' என்று வீட்டில் படுத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து.

மாரியில் டெங்கு இருக்கிறது. வயலிலும் வெள்ளத்திலும் கால் வைத்தவருக்கு எலிக்காய்ச்சல். சேற்று மண்ணிலிருந்து வரும் மெலியோயிடோசிஸ், அதிலும் சீனி வருத்தம் உள்ளவருக்கு. சிக்குன்குனியா வந்தால் மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கும். 2006இல் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் அது எத்தனை பேரை முடக்கியது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். புதுக் காய்ச்சல் என்றால் புது வருத்தம் என்றே வைத்துக்கொண்டு இரண்டாம் நாளே இரத்தம் பாருங்கள். லைம் இருந்ததையும் சொல்லுங்கள், அதை மட்டும் சொல்லாதீர்கள்.

மயங்கி விழுவது, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, கழுத்து விறைத்த தலைவலி, புதிதாகக் கை கால் பலமிழப்பது என்பவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஒரு கொப்பி, ஒரு பேனை

80 பக்கக் கொப்பி போதும். ஒரு நாளுக்கு நான்கு வரி. நித்திரை எப்படி, களைப்பு பத்துக்கு எத்தனை, புதிதாகச் சாப்பிட்டது என்ன, வெளியே மழையா வெயிலா. இரவு படுக்க முன் எழுதினால் மறக்காது. அக்காவுக்கு எழுதக் கை வலிக்கும் நாட்களில் மருமகன் கேட்டு எழுதுவான்.

இரண்டு மாதக் கொப்பியைப் புரட்டியபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மூக்கடைப்பும் இருமலும் மழை நாளோடு ஏறி இறங்கின. மூட்டுவலி மழையோடு அசையவே இல்லை. அது அதிகமாக நடந்த மறுநாள் வந்தது. ஒன்று பூஞ்சணத்தின் வேலை, மற்றது லைம் விட்டுப்போனது என்று டொக்டர் பிரித்துப் பார்க்க அந்தக் கொப்பிதான் உதவியது. பூஞ்சணம் மூக்கு, கண், சுவாசப்பை, தோல் ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். ஆஸ்துமா இருந்தால் அதைக் கிளப்பும். நித்திரை கெட்டால் களைப்பும் மறதியும் தானாக வரும். பூஞ்சணம் லைமைத் திரும்ப எழுப்புகிறது என்று எங்கும் நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பயத்தை விட்டுவிட்டாலே பாதிப் பாரம் இறங்கும்.

ஒரு அறையைக் காப்பாற்றுங்கள்

முழு வீட்டையும் ஒரே மாரியில் உலர வைக்க முடியாது. வாவி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் மணல் திட்டியில் இருக்கிறோம். கார்த்திகை, மார்கழியில் வெளிக்காற்றே நனைந்த துணிபோல இருக்கும். அதனால் வருத்தக்காரர் படுக்கும் ஒரு அறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அவர் அங்கேதான் இருக்கிறார். காலை வெயில் விழும் அறை நல்லது. குளியலறைச் சுவரோடு ஒட்டிய அறை வேண்டாம். மேல்மாடி இருந்தால் அங்கே போடுங்கள்.

சுவரில் இருப்பது உப்பா பூஞ்சணமா என்று முதலில் பாருங்கள். கடல் மணலிலோ உவர்க் கிணற்றுத் தண்ணியிலோ கட்டிய சுவர் வெள்ளையாகப் பூக்கும். அந்த வெள்ளையில் ஒரு துளி தண்ணி விடுங்கள். கரைந்துபோனால் உப்பு, கரையாமல் நின்றால் பூஞ்சணம். உப்பு ஆளுக்குக் கெடுதி செய்யாது. ஆனால் அந்த உப்பே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சுவரை நனைத்து வைத்திருக்கும், பிறகு அந்த ஈரத்தில் பூஞ்சணம் ஏறும். இப்படிப்பட்ட சுவருக்குப் பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, ஒரு வருடத்தில் பெயின்ற் கொப்பளித்து வரும். நாங்கள் இரண்டு தரம் அடித்து இரண்டு தரமும் காசை விட்டோம். இப்போது சுண்ணாம்புதான். சுண்ணாம்பு சுவரை மூச்சு விட வைக்கிறது, அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் முளைக்காது. எங்கள் பாட்டனார் ஒவ்வொரு சித்திரைக்கும் வெள்ளை அடித்ததன் பயன் இப்போதுதான் புரிகிறது.

அடுத்தது ஈரம் வரும் வழி. சுவரின் அடிப்பகுதியில் மட்டும் ஈரம் என்றால் நிலத்திலிருந்து ஏறுகிறது. வெளிச்சுவரோடு குவித்த மண்ணையும் பூச்சட்டிகளையும் அகற்றி, கூரைத் தண்ணி சுவரடியில் விழாமல் பீலி வையுங்கள். மேலே வட்டமாகக் கறை என்றால் ஓடு விலகியிருக்கிறது, அல்லது சீற்றில் ஆணி அடித்த ஓட்டை. அலுமாரிக்குப் பின்னால் மட்டும் என்றால் காற்றோட்டம் இல்லை. எங்களுடையது அதுதான். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துவிட்டோம், அவ்வளவுதான், அந்த இடம் அடுத்த மாரியில் கறுக்கவில்லை.

துடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மூன்றடிக்கு மூன்றடிக்குள் என்றால் வீட்டிலேயே செய்யலாம். வருத்தக்காரர் அன்று அந்த வீட்டில் இருக்கக் கூடாது, சித்தி வீட்டுக்கு அனுப்புங்கள். துடைப்பவர் என்95 முகக்கவசம், கையுறை போட வேண்டும். காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தேய்க்க வேண்டாம், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முதலில் ஈரத்துணியால் ஒற்றி, பிறகு சவர்க்காரத் தண்ணியால் தேய்த்து, துணியை எறிந்துவிட்டு, மின்விசிறியைப் போட்டு உலர விடுங்கள். குளோரின் திரவம் பாவிப்பதென்றால் நன்றாகத் தண்ணி கலந்து, யன்னலைத் திறந்து வைத்து. கழிப்பறை கழுவும் அசிட்டையோ வினாகிரியையோ அதோடு ஒருபோதும் சேர்க்க வேண்டாம், வரும் வாயு சுவாசப்பையைச் சுட்டுவிடும். அதைவிடப் பெரிய இடம் பிடித்திருந்தால் மேசன் ஒருவரைப் பிடித்துப் பூச்சைக் கொத்தி எடுப்பதுதான் வழி.

மெத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலவம்பஞ்சுத் தலையணையும் தும்பு மெத்தையும் நமக்குப் பழக்கமானவை, குளிர்ச்சியானவை. ஆனால் ஒரு முறை நன்றாக நனைந்து பூஞ்சணம் பிடித்தால் கழுவித் திருத்த முடியாது. அம்மா வைத்திருந்த இலவம்பஞ்சுத் தலையணையை அக்கா மணந்து பார்த்தார். பழைய புத்தகத்தின் வாசம். உறையைக் கழற்றினால் தையல் ஓரம் முழுக்கச் சாம்பல் நிறப் பொட்டு. அதை எறிய அம்மாவுக்கு மனம் வரவில்லை. நான்தான் கொண்டுபோய் எரித்தேன். இப்போது கழுவக்கூடிய தலையணை, கட்டிலுக்கும் நிலத்துக்கும் நடுவில் காற்றுப் போக இடைவெளி. கட்டிலுக்குக் கீழே பெட்டி அடுக்குவதில்லை.

ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஒன்று வாங்குங்கள், இணையத்தில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. 60 வீதத்துக்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். மாரியில் அது எட்டாது, ஆனால் எந்த நேரத்தில் யன்னலைத் திறப்பது என்று அது சொல்லித் தரும். மழை பெய்யும்போது திறந்தால் ஈரம் உள்ளே வருகிறது. மழை விட்டு வெயில் எறிக்கும் இரண்டு மணித்தியாலத்தில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து விடுங்கள். ஏசி இருந்தால் அதில் உலர்த்தும் நிலை ஒன்று உண்டு, அதைப் போட்டால் கரண்ட் செலவு கொஞ்சம் குறையும். வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவுங்கள், இல்லாவிட்டால் ஏசியே பூஞ்சணத்தை ஊதும். ஈர உடுப்பை அந்த அறையில் கொடியில் போட வேண்டாம். ஒரு வாளி உடுப்பிலிருந்து லீற்றர் கணக்கில் தண்ணி காற்றில் ஏறுகிறது. சாம்பிராணி, கொசுவர்த்திப் புகை ஆகியவற்றையும் அந்த அறைக்கு வெளியே வையுங்கள். மணம் போகுமே தவிரப் பூஞ்சணம் போகாது, மூச்சுக்குழாய்தான் இன்னும் எரியும். நுளம்புக்கு வலை போதும்.

வீட்டின் பெரிய வேலைகளை எப்போது வைப்பது என்பதற்கு நம் ஊரில் ஒரு விடை இருக்கிறது: கச்சான் காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சுடச்சுட அடிக்கும் அந்தக் காற்றில் ஒரு நாளில் சுவர் உலர்கிற அளவு மாரியில் ஒரு மாதத்துக்கும் உலராது. ஓடு மாற்றுவது, பூச்சுக் கொத்துவது, சுண்ணாம்பு அடிப்பது, அலுமாரியைக் காலி செய்து உடுப்பை வெயிலில் போடுவது எல்லாவற்றையும் அப்போது முடியுங்கள். சூடு களைப்பைக் கூட்டும் என்பதால் வருத்தக்காரரை மட்டும் பகலில் நிழலில் வையுங்கள்.

குசினி

லைமுக்கென்று நிரூபிக்கப்பட்ட சாப்பாட்டு முறை எதுவும் இல்லை. ஆனாலும் இந்த வருத்தக்காரர்களில் பலருக்கு வயிறு குழம்பியிருக்கிறது. நீண்ட நாள் அன்டிபயோட்டிக் எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அதனால் கோதுமை, பால், சீனி, புளித்தது என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சோறும் அவித்த பூசணிக்காயும் மட்டும் மிஞ்சுகிறது. அக்கா வந்தபோது 43 கிலோ. விட்ட சாப்பாட்டின் பட்டியல் ஒன்றரைப் பக்கம்.

ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். மூன்று கிழமை கொப்பியில் எழுதுங்கள். மாற்றம் இல்லையென்றால் அதைத் திரும்பச் சேருங்கள், முதல் நாள் கொஞ்சம், மூன்று நாளில் வழமையான அளவு. பிறகுதான் அடுத்தது. கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகமிருந்தால் நிறுத்துவதற்கு முன்பே டொக்டரிடம் சீலியக் (கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் நோய்) பரிசோதனை கேளுங்கள். நிறுத்திய பிறகு சோதித்தால் நோய் இருந்தாலும் காட்டாமல் போகலாம். கிழமைக்கு ஒரு நாள் உடம்பின் எடையைப் பாருங்கள். ஆறு மாதத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால் எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம், முதலில் டொக்டர்.

கோதுமையை விடுபவருக்கு நம் ஊர் நல்ல ஊர். அம்பாறை நெல்லும் குரக்கனும் மரவள்ளியும் இருக்கப் பாணை ஏன் தேட வேண்டும்? ஆனால் மறைந்திருக்கும் கோதுமையைப் பாருங்கள். கடை இடியப்பம் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் கோதுமை மா. பிட்டுக்கும் பாதிக்குப் பாதி கலப்பார்கள். கட்டிப் பெருங்காயத்திலும் சோயா சோஸிலும்கூட இருக்கிறது. வீட்டில் அரிசியை இடித்து வறுத்து வைத்தால் கவலை இல்லை.

பூஞ்சணம் சாப்பாட்டுக்குள்ளும் வருகிறது, இது கற்பனைப் பயம் இல்லை. கச்சான், கொப்பரா, செத்தல் மிளகாய், சோளம் ஆகியவற்றில் ஈரம் பட்டால் வளரும் ஒரு பூஞ்சணம் அப்லரொக்சின் என்ற நஞ்சைச் செய்கிறது. அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாகப் போகாது. (காற்றுக்கும் கச்சான் என்று பெயர், கடலைக்கும் கச்சான். காற்றுக் கச்சானில் காய்ந்த கடலைக் கச்சான்தான் நல்லது என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.) சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் பருப்பைத் துப்பிவிடுங்கள். மாரியில் மிளகாய்த்தூளைக் கால் கிலோவாக வாங்குங்கள், அரிசி மூட்டையை நிலத்தில் வைக்காமல் பலகையில் வையுங்கள். பாணில் ஒரு மூலையில் பூத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் கிள்ளி எறிவது போதாது, உள்ளே வேர் போயிருக்கும்.

மீனில் புதியதைப் பாருங்கள். சூரை, சாளை போன்றவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்ரமின் என்ற பொருள் சேர்ந்து, முகம் சிவந்து தலையிடித்துச் சொறியும். சமைத்தாலும் அது அழியாது. இதை ஒவ்வாமை என்றோ லைம் என்றோ பிழையாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்குக் கருவாடும் மாசியும் தலையிடியைக் கொண்டு வந்தன, கொப்பியில் மூன்று தரம் பதிந்திருக்கிறது. அதனால் அவருக்கு விடிய வாவிக்கரையில் வாங்கும் மணலையோ கொடுவாவோதான், அன்றே சமைத்து அன்றே முடிப்போம்.

லைமுக்குக் கொடுக்கும் அன்டிபயோட்டிக்கான டொக்சிசைக்ளின் எடுக்கும் நாட்களில் நம் தயிர் முட்டி ஒரு இடைஞ்சல். பால், தயிர், நெஞ்செரிவுக் குளிசை, இரும்புக் குளிசை எல்லாம் மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டு மணித்தியால இடைவெளியாவது விடுங்கள். ஒரு பெரிய தம்ளர் தண்ணியோடு நிமிர்ந்து இருந்து விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்க வேண்டாம், தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும். வெயிலில் தோல் எரியும் என்பதால் குடை. தேங்காய்ப்பால் பிரச்சினை இல்லை.

விருந்துதான் கஷ்டம். 'ஒரு வாய் தின்னு புள்ள, என்ர கையால செஞ்சது' என்று மாமி இலையில் வைத்துவிட்டால் மறுப்பது எப்படி? அக்கா இப்போது போகுமுன்பே கோல் பண்ணுகிறார். 'மாமி, எனக்குச் சோறும் முருங்கைக்காய்க் கறியும் போதும், கருவாடு போடாமல் வையுங்க.' வைத்த பிறகு வேண்டாம் என்றால் மனம் நோகும், முதலே கேட்டால் மாமிக்குப் பெருமை. கந்தசஷ்டி போன்ற விரதங்களில் பட்டினி கிடக்க வேண்டாம், குளிசை வெறும் வயிற்றில் போகக் கூடாது என்று டொக்டர் சொன்னால் பால் பழத்தோடு இருக்கலாம் என்று எங்கள் கோயில் ஐயாவே சொன்னார், டொக்சிசைக்ளின் நாட்களில் பாலுக்கு மட்டும் முன்பு சொன்ன இடைவெளியை விடுங்கள்.

நாளைப் பங்கு போடுதல்

நல்ல நாள் வந்தால் எல்லா வேலையையும் அன்றே முடிக்கத் தோன்றும். மறுநாள் எழும்ப முடியாது. கையில் இருக்கும் பலத்தில் பாதியைச் செலவழித்து மீதியை வையுங்கள். களைத்த பிறகு ஓய்வதைவிடக் களைக்குமுன் ஓய்வது பலன் தரும். அக்கா தேங்காய் திருவுவது ஸ்டூலில் இருந்து, உடுப்புத் துவைப்பது இரண்டு நாளாகப் பிரித்து, கல்லடிப் பாலம் வரை நடப்பது பாதித் தூரம். 'எழும்பி நடந்தால் சரியாகிவிடும்' என்று தள்ளுபவர்களை வீட்டார்தான் தடுத்து நிறுத்த வேண்டும், வருத்தக்காரருக்கு வாதாடப் பலம் இல்லை. மனம் சோர்ந்து, அழுகை நிற்காமல், வாழ்வு வெறுத்துக் கதைத்தால் அதையும் அதே கிளினிக்கில் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

காசு போகும் வழிகள்

இணையத்தில் ஒருவர் சிறுநீரில் பூஞ்சண நஞ்சு பார்க்கும் பெட்டி என்று அக்காவிடம் பெரிய தொகை வாங்கினார். அப்படியான பரிசோதனையால் பூஞ்சணமே வருத்தத்துக்குக் காரணம் என்று நிறுவ முடியாது. சாப்பாட்டிலிருந்தும் அது சிறுநீரில் வரும். அந்தக் காசுக்கு ஓடு மாற்றியிருக்கலாம்.

மாதக்கணக்கில் ஊசியில் அன்டிபயோட்டிக் ஏற்றும்படி சொல்பவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் 280 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு கிழமை ஊசி மருந்துக்குப் பிறகு மேலும் 12 கிழமை அன்டிபயோட்டிக் எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நரம்பில் குழாய் வைத்து நீண்ட நாள் ஏற்றிச் சிலர் கிருமி தொற்றி இறந்தும் இருக்கிறார்கள். மருந்து எடுத்து மோசமானால் 'கிருமி சாகிறது, அதுதான் அப்படி' என்பார்கள். உண்மையில் அப்படி ஒன்று வருவது முதல் மருந்து எடுத்த ஒரு நாளுக்குள். மாதக்கணக்கில் மோசமாகிறது என்றால் மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்று பாருங்கள். நாட்டு வைத்தியத்தில் பற்பம், செந்தூரம் எடுப்பதென்றால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

புரட்டாதி முடியுமுன்

மாரிக்கு முன் ஒரு நாளை ஒதுக்குங்கள். பீலியில் இலை அள்ளுங்கள், கூரை ஓடுகளைப் பாருங்கள், அலுமாரி ஒரு சாண் தள்ளி இருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டால், தண்ணி வடிந்து இரண்டு நாளுக்குள் நனைந்ததை உலர்த்த வேண்டும், அதற்குப் பிறகு பூஞ்சணம் முந்திக்கொள்ளும். 2011 ஜனவரி வெள்ளத்தில் நனைந்த மெத்தைகளை உலர்த்தி உலர்த்திப் பாவித்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன, அந்த மணம் வருடக்கணக்கில் போகவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்களுக்குப் பாதை மூடினால் நாட்கணக்கில் ஆஸ்பத்திரிப் பக்கம் வர முடியாது. அதனால் இரண்டு கிழமைக் குளிசை கூடுதலாகக் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியையும் அந்த ஒரு பக்கக் கடிதத்தையும் அதோடு சேர்த்துப் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். எங்கே வைத்தீர்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.